கதிர்க்குழாய்த் திரையும் கஹவத்தைத் தோட்டங்களும்: பழைய தொலைக்காட்சி விளையாட்டுக்களை மீட்டெடுத்தல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமூகத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் அதன் உழைப்பையும் உற்பத்தியையும் ஆராயும் அளவிற்கு அதன் ஓய்வையும் விளையாட்டையும் ஆராய்வதில்லை. மலையகத் தமிழ் மக்களைப் பொறுத்தவரை இக்குறை பெரிதும் உண்டு. கூலியும் குடியுரிமையும் பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன. காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் முதலிய கலைகளும் ஆய்வாளர் கவனத்தைப் பெற்றுள்ளன. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தோட்டப் பாடல்களைத் தொகுத்தளித்தமையால் அவை அழிவினின்றும் தப்பின. ஆயின் மின்சாரத்தோடும் தொலைக்காட்சியோடும் தோட்டத்துக்குள் நுழைந்த புதிய பொழுதுபோக்குகள் வரலாற்றுப் பொருளாக இன்னும் மதிக்கப்படவில்லை. ‘ரீவீ கேம்’ என்று இலங்கையிற் பரவலாக வழங்கிய தொலைக்காட்சி விளையாட்டு அவற்றுள் ஒன்று.

இவ்விளையாட்டுக்களை இன்று கணினியில் மீண்டும் ஆட இயலும். பழைய ஆட்டப்பொறியின் தொழிலைப் புதிய கணினி நடித்துக் காட்டும்படி செய்யும் நிரலே எமியுலேட்டர் எனப்படுவது. இந்நிரலைத் திறப்பவர் திரையின் அகல உயர விகிதம் யாது, வினாடிக்கு எத்தனை படங்கள், புள்ளிகள் கூர்மையாகத் தெரிய வேண்டுமா, கோடுகளுடன் மங்கித் தெரிய வேண்டுமா என்னும் வினாக்களுக்கு விடை கூறியே ஆகவேண்டும். இவை வெறும் தொழினுட்ப வினாக்கள் போலத் தோன்றினும், ஒவ்வொன்றின் பின்னும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைக் கஹவத்தைத் தோட்டப் பகுதியை நிலைக்களனாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திரையும் மின்னோட்டத்தின் தாளமும்

கார்ல் பெர்டினன்ட் பிரௌன் என்னும் ஜேர்மானிய அறிஞர் 1897ஆம் ஆண்டில் கதிர்க்குழாயை ஆக்கினார். வெற்றிடமாக்கப்பட்ட கண்ணாடிக் குழாயினுள் ஓர் இலத்திரன் கற்றை ஓடி, பொசுபர் பூசிய முகப்பில் மோதி ஒளிப்புள்ளியைத் தோற்றுவிக்கும். தொலைக்காட்சியில் இக்கற்றை இடமிருந்து வலமாகக் கோடு கோடாக மேலிருந்து கீழே இறங்கிப் படத்தை வரையும். படம் முழுவதும் ஒரே கணத்தில் திரையில் இருப்பதில்லை. கற்றை தொட்ட இடம் ஒளிர்ந்து உடனே மங்கத் தொடங்கும். கண்ணின் இயல்பே அதனை முழுப்படமாக ஆக்குகின்றது.

கற்றை வினாடிக்கு எத்தனை முறை திரையை மேலிருந்து கீழ்வரை கடக்க வேண்டும் என்னும் கேள்விக்குக் கிடைத்த விடை மின்னிலையத்திலிருந்து வந்தது. வழங்கு மின்னோட்டத்தின் துடிப்போடு திரையின் துடிப்பு ஒத்திராவிடின் படத்தில் அசையும் பட்டைகள் தோன்றும் என்பதனால், ஆரம்ப காலப் பொறியியலாளர் இரண்டையும் இணைத்தனர். அமெரிக்காவில் மின்னோட்டம் வினாடிக்கு 60 சுற்று. பிரித்தானியாவில் 50. ஆகவே 1936இல் இலண்டனில் தொடங்கிய பி.பி.சி. தொலைக்காட்சி 50 புலங்களைக் கைக்கொண்டது. அமெரிக்க முறையோ 525 கோடுகளும் 60 புலங்களும் கொண்டதாக வளர்ந்து, 1953இல் என்.ரி.எஸ்.சி. வண்ணமுறையாக ஏற்கப்பட்டது. யப்பானும் அதனையே பின்பற்றிற்று. ஐரோப்பாவில் வால்டர் புரூக் என்பார் தெலிபுங்கன் நிறுவனத்தில் வகுத்த பி.ஏ.எல். முறை 625 கோடுகளும் 50 புலங்களும் உடையது. பிரித்தானியாவும் மேற்கு ஜேர்மனியும் 1967இல் அம்முறையில் வண்ண ஒளிபரப்பை ஆரம்பித்தன.

இலங்கைக்கு வந்த திரை

பிரித்தானிய ஆட்சியின் கீழ் மின்சாரம் பெற்ற இலங்கை, 50 சுற்று மின்னோட்டத்தையே உரிமையாகப் பெற்றது. லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியபோதும் அதே துடிப்பே நாடெங்கும் பரவியது. தொலைக்காட்சி 1979 ஏப்ரல் 13ஆம் நாள் சுயாதீனத் தொலைக்காட்சிச் சேவையின் மூலம் இந்நாட்டுக்கு வந்தது. 1982 பெப்ரவரி 15ஆம் நாள் ரூபவாஹினி யப்பானின் உதவியுடன் தொடக்கப்பட்டது. உதவியளித்த நாடு என்.ரி.எஸ்.சி. முறையைச் சார்ந்திருந்தும், உதவி பெற்ற நாட்டில் நிலைபெற்றது பி.ஏ.எல். முறையே என்பது கவனிக்கத்தக்கது. பின்னர் யப்பானிய ஆட்டங்கள் இலங்கையின் திரையில் ஓடும்போது நேரும் முரண்பாட்டின் வேர் இங்கேயே உண்டு.

1977இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டமையும், மத்திய கிழக்கு நாடுகளுக்குத் தொழில் தேடிச் சென்றோர் மீளுங்கால் மின்சாதனங்களைக் கொணர்ந்தமையும் தொலைக்காட்சிப் பெட்டிகள் பெருகக் காரணமாயின. ஆயினும் இப்பெருக்கம் எல்லா இடங்களிலும் ஒரே சீராக நிகழவில்லை.

கஹவத்தைச் சூழல்

கஹவத்தை, சப்பிரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி மாவட்டத்தில், பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிய நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த சிறு நகரம். அதனைச் சூழத் தாழ்நிலத் தேயிலையும் இறப்பரும் விளையும் தோட்டங்கள் உள்ளன; பள்ளத்தாக்குகளில் மாணிக்கக் குழிகள் உள்ளன. 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் அவற்றின் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. நகரின் பெயரையே தாங்கிய கஹவத்தை பிளான்டேஷன்ஸ் கம்பனி அவற்றுள் ஒன்றாகும்.

தோட்டங்களில் மின்சாரம் முதலிற் சென்றடைந்தவை தேயிலைத் தொழிற்சாலை, துரையின் பங்களா, உத்தியோகத்தர் குடியிருப்பு என்பனவே. இயந்திரத்துக்கும் துரைக்கும் கிளாக்கருக்கும் ஒளி கிடைத்த பின்னரும் லயக் காம்பிராக்கள் நெடுங்காலம் குப்பி விளக்கிலேயே இருந்தன. இந்நிலையில் தொலைக்காட்சி பார்க்க விழைந்தோர் கண்ட வழி 12 வோல்ற்று கார் பற்றரியாகும். நாட்டின் மின்சாரமில்லாக் கிராமங்கள் பலவற்றிலும் இவ்வழக்கம் நிலவிற்று. பற்றரியை நகருக்குச் சுமந்து சென்று மின்னேற்றி மீண்டும் சுமந்து வருதல் வேண்டும். அதிற் சேர்ந்த மின்னைச் சிக்கனமாகச் செலவிட வேண்டியிருந்தமையால், குறைந்த மின்னில் இயங்கும் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டியே பொருத்தமாயிற்று. ஒரு காம்பிராவிற் பெட்டி இருப்பின் அந்த லயமே அதன் முன் கூடும். வறுமையும் மின்சாரப் பங்கீடும் சேர்ந்து திரையின் அளவையும் நிறத்தையும் நிர்ணயித்தன.

1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் இனவன்முறைகள் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களையும் தாக்கின. அவற்றால் வீடிழந்தோர் பலர் வடக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். எரிந்த உடைமைகளுள் ஒளிப்படங்களும் கடிதங்களும் அடங்கும். ஆவணம் அழிந்த சமூகத்துக்கு நினைவே ஆவணமாகின்றது. அன்றாட வாழ்வின் சிறு பொருள்களும் இங்கு வரலாற்றுச் சான்றாக மதிக்கப்பட வேண்டியதன் காரணம் இதுவே.

ஆட்டப்பொறியும் திரையும்

தொலைக்காட்சி விளையாட்டின் வரலாறு முழுவதும் திரையின் குறைகளோடு நடத்திய உடன்படிக்கையின் வரலாறு எனலாம். அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹிகின்போதம் 1958இல் ஒரு அலைகாட்டியின் திரையிலேயே வரிப்பந்தாட்டத்தை ஆடிக்காட்டினார். 1972இல் வெளிவந்த மக்னவொக்ஸ் ஒடிசி என்னும் வீட்டுப்பொறி வெள்ளைப் புள்ளிகளையும் கோட்டையும் மட்டுமே காட்ட வல்லது. ஆதலால் நிறமூட்டிய ஒளிபுகு தாள்களை ஆட்டத்துக்கேற்பத் தொலைக்காட்சியின் முகப்பில் ஒட்டிக்கொள்ளும்படி அவற்றைப் பெட்டியோடு சேர்த்து விற்றனர். தைட்டோ நிறுவனத்தின் தொமோஹிரோ நிஷிகாடோ 1978இல் ஆக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் ஆட்டத்தின் முதற் பொறிகளிலும் வண்ணம் நிறத்தாள் பட்டைகளாலேயே வந்தது. நிரலை மட்டும் எடுத்து இன்றைய கணினியில் ஓட்டுபவருக்கு அவ்வண்ணம் கிடைப்பதில்லை. ஆட்டத்தின் ஒரு பகுதி நிரலிலும் மற்றொரு பகுதி கண்ணாடியிலும் இருந்தது என்பதற்கு இவை தக்க சான்றுகள்.

1983 ஜூலை 15ஆம் நாள் யப்பானில் நின்டெண்டோ நிறுவனம் பமிக்கொம் என்னும் பொறியை வெளியிட்டது. தைவானிலும் பிற இடங்களிலும் இதனைப் படியெடுத்துச் செய்த மலிவான பொறிகள் ஆசிய நாடுகள் எங்கும் பரவின. இலங்கையிலும் ‘ரீவீ கேம்’ என்றதும் நினைவுக்கு வருபவை பெரும்பாலும் இவையே. ‘கசெட்’ எனப்பட்ட ஒரு பெட்டகத்துள் நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் உண்டு என அட்டையில் அச்சிட்டிருப்பினும், சில ஆட்டங்களே வெவ்வேறு பெயரில் மீண்டும் மீண்டும் வருவதுண்டு.

இப்பொறி 256 புள்ளி அகலமும் 240 கோடு உயரமும் உடைய படத்தை அனுப்பியது. ஒளிபரப்புப் படத்தில் அடுத்தடுத்த இரு புலங்கள் ஒன்றின் இடைவெளியில் மற்றொன்றாகப் பின்னப்படும். ஆட்டப்பொறியோ அப்பின்னலை விடுத்து ஒவ்வொரு முறையும் அதே கோடுகளையே வரைந்தது. ஆகவே கோடுகளுக்கிடையே மெல்லிய இருட்கோடுகள் நிலைத்து நின்றன. அக்காலப் படங்களை வரைந்த கலைஞர் இதனையும் கணக்கிற் கொண்டே வரைந்தனர். இணைப்புக் கம்பியில் நேர்ந்த கலங்கலைக்கூடப் பயன்படுத்திக்கொண்டனர். சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் பொறிக்கு 1991இல் வந்த சொனிக் ஆட்டத்தில், நீர்வீழ்ச்சி ஒன்றுவிட்டொன்றான செங்குத்துக் கோடுகளால் வரையப்பட்டுள்ளது. அன்டெனாக் கம்பி வழியே பழைய பெட்டிக்குச் சென்றபோது அக்கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, பின்னுள்ள காட்சி ஊடுதெரியும் நீராயின. இன்றைய கூர்மையான திரையில் அவை வெறுங் கோடுகளாகவே நிற்கின்றன.

50உம் 60உம்

இலங்கை அனுபவத்தைப் புரிந்துகொள்வதற்கு வேகம் பற்றிய செய்தி இன்றியமையாதது. யப்பானிய ஆட்டம் வினாடிக்கு 60 படங்கள் வரும் என எண்ணி எழுதப்பட்டது. படத்துக்கு ஓர் அடி என்ற கணக்கில் வீரன் நகர்வான். பி.ஏ.எல். முறைக்கேற்ப ஆக்கப்பட்ட பொறி வினாடிக்கு 50 படங்களையே தரும். திருத்தப்படாத ஆட்டம் அதில் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில் ஓடும். யப்பானில் ஒரு நிமிடத்தில் முடியும் பாட்டு இங்கு 72 வினாடி நீளும்.

ஆயின் பி.ஏ.எல். பொறிகளுள்ளும் இருவகை உண்டு. நின்டெண்டோ ஐரோப்பாவுக்கென ஆக்கிய பொறியில் மையச் செயலியின் வேகமும் ஏறக்குறைய நூற்றுக்கு 7 பங்கு குறைக்கப்பட்டது. திருத்தப்படாத ஆட்டத்தின் சுருதி அதனால் தாழும். தைவானியப் படிகளில் வேறொரு தந்திரம் கையாளப்பட்டது. படங்களின் எண்ணிக்கை 50 ஆயினும், செயலியின் வேகம் யப்பானியப் பொறிக்கு நூற்றுக்கு ஒரு பங்களவே குறைவாக வைக்கப்பட்டது. ஆகவே தாளம் தளர்ந்தது. சுருதி ஏறக்குறைய மாறாது நின்றது. ரஷ்யாவில் விற்பனையான ஒரு படியின் பெயரால் இவ்வகை ‘டெண்டி’ எனப்படுகின்றது. எமியுலேட்டர்கள் சிலவற்றில் என்.ரி.எஸ்.சி., பி.ஏ.எல். என்பவற்றோடு இதுவும் தனித்ததொரு தெரிவாக இடம்பெற்றுள்ளது. தைவானியப் பி.ஏ.எல். படியில் ஆடிப் பழகியவரின் நினைவுக்கு நெருங்கிய தெரிவு இதுவே.

கறுப்பு வெள்ளைப் பெட்டியின் நிலை மேலும் ஒரு படி வேறானது. வண்ணச் செய்தியை அது கைவிட்டு ஒளிச்செய்தியை மட்டுமே எடுத்துக்கொள்ளும். ஆதலால் பொறியின் வண்ணமுறை எதுவாயினும் அதற்கு வேறுபாடில்லை. ஆயின் ஒளியளவில் ஒத்த இரு நிறங்கள் ஒரே சாம்பலாகிவிடும். நிறத்தைக் கொண்டு பிரித்தறியும் ஆட்டங்களில், பற்றரியில் இயங்கிய பெட்டியின் முன்னிருந்த சிறுவர் இடத்தையும் அசைவையும் கொண்டே பிரித்தறிய வேண்டியிருந்தது.

இன்றைய திரையில் தெரிவுகள்

மேற்கூறிய வரலாறு புலப்படின், எமியுலேட்டர் எழுப்பும் வினாக்களுக்கு விடை காணல் எளிதாகும்.

முதலாவது, விகிதம். பழைய திரை 4க்கு 3. இன்றைய திரை 16க்கு 9. படத்தை முழுத் திரைக்கும் இழுப்பின் மனிதர் பருத்துக் குறுகுவர். ஆதலால் இருபுறமும் கருமையை விட்டு 4:3 விகிதத்தைப் பேணலே முறை.

இரண்டாவது, உருப்பெருக்கம். பழைய படத்தின் ஒவ்வொரு கோடும் புதிய திரையின் முழுவெண் வரிசைகளைப் பெறாவிடின் சில கோடுகள் தடித்தும் சில மெலிந்தும் தோன்றும். படம் நகரும்போது அவ்வேறுபாடு அலையாக நெளியும். 1080 வரிசைத் திரையில் 240 கோடுகள் நான்கரை மடங்காகும், இது பொருந்தாது. நான்கு மடங்காக்கி 960 வரிசையில் நிறுத்தி, அகலத்தை ஐந்து மடங்காக்கின் 1280 வரும். 1280க்கு 960 என்பது சரியாக 4:3 ஆதலின் இரு நிபந்தனைகளும் ஒருங்கே நிறைவேறுகின்றன. 768 வரிசை கொண்ட மலிவான மடிக்கணினியில் மூன்று மடங்கு 720 ஆகும். மேலும் கீழும் 24 வரிசை கருமையாக விடல் வேண்டும். 2160 வரிசைத் திரையிலோ ஒன்பது மடங்கு மீதியின்றிப் பொருந்தும். பழைய பெட்டியின் சட்டகம் படத்தின் ஓரங்களை மறைத்ததாகையால், மேலும் கீழும் 8 கோடுகளை வெட்டி 224 ஆக்கும் தெரிவும் வரலாற்றுக்கு முரணன்று.

மூன்றாவது, வேகம். 50 படம் தரும் ஆட்டத்தை 60 துடிப்புத் திரையிற் காட்டின், ஐந்து படங்களுக்கு ஒருமுறை ஒன்று இருமுறை தோன்றும், ஓட்டம் நொண்டும். திரையை 50 அல்லது 100 துடிப்புக்கு மாற்றுதல், அன்றேல் ஆட்டத்துக்கேற்பத் துடிப்பை மாற்றும் திரையைப் பயன்படுத்தல் பரிகாரமாகும்.

நான்காவது, தோற்றம். இருட்கோடுகளையும் பொசுபரின் மங்கலையும் கம்பியின் கலங்கலையும் கணித்துக் காட்டும் வடிகட்டிகள் உண்டு. அவற்றால் படத்தின் ஒளி குறையுமாதலால் திரையின் ஒளியைக் கூட்டல் வேண்டும். பழைய கோடு ஒன்றுக்குக் குறைந்தது மூன்று நான்கு வரிசையேனும் இல்லாத சிறு திரையில் இவை பயன் தரா. கறுப்பு வெள்ளைப் பெட்டியின் அனுபவத்தை மீட்க விழைவோர் நிறச்செறிவைச் சுழியாக்குதல் போதுமானது.

இறுதியாகத் தாமதம். கதிர்க்குழாய், செய்தி வந்த கணமே வரையும். புதிய தொலைக்காட்சிகள் படத்தை மெருகூட்டிய பின்னரே காட்டுவதால் விரலுக்கும் கண்ணுக்கும் இடையே இடைவெளி விழும். விளையாட்டுக்கென அமைந்த நிலைக்கு மாற்றி, மெருகூட்டல்களை நிறுத்துவதால் இது குறையும். எனினும் மீட்க இயலாதனவும் உண்டு. வாத்துச் சுடும் ஆட்டத்தின் துப்பாக்கி, கற்றையின் ஒளிக்கணத்தை உணர்ந்து இயங்குவது. திரவப் படிகத் திரையின் முன் அது குருடாகிவிடுகின்றது.

மூலபாடம் எது?

இங்கு ஓர் அடிப்படை வினா எழுகின்றது. எதனை மீட்பது? ஆக்கியோன் எண்ணியது யப்பானின் 60 துடிப்பு வண்ணப் படம். நிரலில் உள்ளது கூர்மையான புள்ளி. கஹவத்தையின் லயத்திற் பற்றரிப் பெட்டியின் முன் கூடியிருந்தோர் கண்டதோ தளர்ந்த தாளமும் சாம்பல் நிறமும் கொண்ட வேறொன்று.

தமிழ் மாணவருக்கு இவ்வினா புதியதன்று. 1887இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும், அதே ஆண்டில் உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியையும் பதிப்பித்த காலந்தொட்டு, சுவடிகள் தம்முள் முரணும்போது எதனைக் கொள்வது என்பது தமிழ்ப் பதிப்புலகின் வினாவாக இருந்துவருகின்றது. நற்பதிப்பு ஒன்றை மூலமாகக் கொண்டு ஏனையவற்றைப் பாடபேதமாகக் குறிக்கும், பாடபேதத்தை மறைத்துவிடாது. ஏனெனில் ஒரு வட்டாரத்தின் ஏட்டில் நின்ற ‘பிழை’ அவ்வட்டாரத்தார் அந்நூலை எவ்வாறு ஓதினர் என்பதற்குச் சான்றாகலாம். திரை அமைப்புகளுக்கும் இவ்வளவையே பொருந்தும். 60 துடிப்பும் வண்ணமும் ஆக்கியோன் பாடம். 50 துடிப்பும் சாம்பலும் ஆடியோர் பாடம். முன்னையதை மட்டுமே ‘சரியான அமைப்பு’ எனப் போதிக்கும் வழிகாட்டிகள், பின்னையதை வாழ்ந்தோரின் வரலாற்றைப் பிழையென ஒதுக்குகின்றன.

இவ்வாறு கூறுதல் வறுமையை அழகுபடுத்துவதாகும் என்னும் தடை எழலாம். அத்தடை நியாயமானதே. கறுப்பு வெள்ளைத் திரையை லயத்தார் விரும்பித் தேர்ந்தாரல்லர். மின்கம்பி தொழிற்சாலையோடு நின்றமையால் அது அவர்க்கு வாய்த்தது. ஆயின் அந்நிலையை மறைத்து, எல்லாரும் ஒரே திரையையே கண்டனர் என எழுதுவது அநீதியை இருமடங்காக்கும். சாம்பற் படத்தைப் பதிவு செய்பவர் மின்பங்கீட்டின் ஏற்றத்தாழ்வையும் உடன் பதிவு செய்கின்றார்.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, பிரித்தானிய மின்னிலையத்தின் துடிப்பு, யப்பானியரின் நிரல், தைவானியரின் படி, இலங்கை அரசின் ஒளிபரப்புத் தெரிவு, தோட்டத்து மின்பங்கீடு ஆகிய ஐந்தும் ஒரு சிறு திரையிற் சந்தித்தன என்பது பெறப்படும். அத்திரையை இன்று மீண்டும் அமைக்க விரும்புவோர் தாம் எவருடைய பாடத்தை மீட்கின்றோம் என்பதை முதலில் தெளிதல் வேண்டும். தெளிந்தபின் விகிதமும் மடங்கும் துடிப்பும் கணக்கினால் வந்து பொருந்தும்.

கதிர்க்குழாய்ப் பெட்டிகள் உடைசல் வியாபாரிகளிடம் சென்றுவிட்டன. 1990களில் சிறுவராயிருந்தோர் இன்று நடுவயதினர். கஹவத்தைப் பகுதித் தோட்டங்களிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவர்கள் தத்தம் லயத்திலே எந்தப் பெட்டி இருந்தது, அது எதனால் இயங்கியது, எந்தக் கசெட் கைமாறியது, யார் யார் கூடினர் என்பவற்றைக் கேட்டு எழுதி வைத்தல் வேண்டும். நிரல்களைப் பாதுகாக்க உலகெங்கும் ஆர்வலர் உளர். அவற்றைக் கண்ட கண்களின் நினைவைப் பாதுகாக்கும் பொறுப்பு அம்மண்ணின் பிள்ளைகளையே சாரும்.